விதை நிரபராதி

உலகத்தில் எத்தனையோ சட்டங்கள் உண்டு. ஆனால் விதைக்கும் செடிக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவரைக் கும்பிட்டு அனுப்பவும், அந்தப் பக்கம் நிற்பவரைக் கம்பி எண்ண வைக்கவும் வல்ல சட்டம் ஒன்றுதான். அதைக் கட்டிக் காக்கும் போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தராகப் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் பெற்றவன் நான்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். கஞ்சாச் செடி வளர்த்தால் குற்றம். இலையோ பூவோ வைத்திருந்தால் குற்றம். விதை மட்டும் வைத்திருந்தால் குற்றமில்லை. வாங்கினாலும் விற்றாலும் குற்றமில்லை. விதை பச்சைக் குழந்தை. அது என்ன பாவம் செய்தது?

இந்த நுட்பம் பிடிபடாத ஒரே ஆள் எங்கள் ஆய்வாளர். புதிதாக மாற்றலாகி வந்தவர். சுறுசுறுப்பானவர் என்று முந்தைய அலுவலகத்தில் புகார் இருந்ததாம். வந்த மூன்றாம் நாளே, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த பறவைத் தீனிக்கடைக்குள் புகுந்துவிட்டார்.

இரண்டு ஆள் சேர்ந்து நிற்க முடியாத கடை அது. கணவர் இறந்தபிறகு ஓர் அம்மாள் தனியாகவே நடத்தி வந்தார். வாசலில் குருவிக் கூண்டுகள், உள்ளே மூட்டைகள். ஆய்வாளர் ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, சாம்பல் நிறத்தில் உருண்டையாக இருந்த விதைகளை அள்ளினார்.

"இது என்னம்மா?"

"கஞ்சா விதை சார். மூட்டை மேலயே போட்டிருக்கே. கலந்து போட்டா குருவிக்கு றெக்கை பளபளன்னு வரும்."

"தின்னா குருவிக்குப் போதை ஏறுமா?"

"ஏறினாலும் எப்படி சார் கண்டுபிடிக்கிறது? அது ஏற்கெனவே பறந்துக்கிட்டுதானே இருக்கு!"

அரசாங்கத்தைக் கிண்டல் செய்ததாகக் கருதி, ஆய்வாளர் கடைக்குச் சீல் வைத்தார். கூண்டுகளை மட்டும் வீட்டுக்குத் தூக்கிப்போக அனுமதித்தார். எங்கள் அலுவலகத்தின் கருணை அப்படி.

மறுநாள் அவசரக் கூட்டம். இயக்குநர் தலைமை. சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சார், விதை வெச்சிருக்கிறது குற்றமே இல்லை. கடையைத் திறந்து விட்டுடலாம்."

"திறந்துட்டா, சீல் வெச்சது தப்புன்னு ஆகிடாதா?" என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விதை குற்றமில்லை. ஆனா முளைச்சா குற்றம்தானே?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா. ஆனா அதை முளைக்க வைக்கிறவர் உள்ளே போகணும். நாம முளைக்க வெச்சா நாம போகணும்," என்றார் சட்ட ஆலோசகர்.

இயக்குநர் முகத்தில் ஞானஒளி பரவியதை நான் கண்ணால் கண்டேன். "அப்ப அந்தம்மாவையே முளைக்க வைக்கச் சொல்லிடுவோம்."

'கைப்பற்றப்பட்ட விதையின் தன்மையை ஐயந்திரிபற அறியும் பொருட்டு, உரிமையாளரே அதனை முளைக்க வைத்துக் காட்ட வேண்டியது' என்று தீர்மானம் நிறைவேறியது. யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு சொல் விடாமல் குறிப்பில் எழுதினேன். கடிதத்தையும் நானே எழுதி, ஒரு பிடி விதையோடு நானே எடுத்துப்போனேன்.

அந்த அம்மாள் வீட்டில் காலை வைக்க இடமில்லை. கட்டில்மேல் கூண்டு, துணி துவைக்கும் எந்திரத்தின்மேல் கூண்டு. கீச்சுச் சத்தத்துக்கு நடுவே கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"முளைக்க வெச்சுக் காட்டினா கடையைத் திறந்துடுவீங்களா தம்பி?"

"ஆய்வு முடிஞ்சிடும்மா," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டு அனுபவத்தில், பொய் சொல்லாமலே ஏமாற்றும் மொழி எனக்குத் தாய்மொழி ஆகியிருந்தது.

பத்து நாள் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் முளைக்கவில்லை. பதினோராம் நாள் சிரித்த முகமாக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "மூட்டை அனுப்பினவங்களைக் கேட்டேன் தம்பி. தீனிக்கு வர்றது எல்லாம் அவிச்ச விதையாம். ஜென்மத்துக்கும் முளைக்காதாம். சாவி கொடுங்க, நான் போறேன்."

இயக்குநர் நியாயமாக மகிழ்ந்திருக்க வேண்டும். அவரோ இரண்டாவது கூட்டத்தைக் கூட்டினார்.

"விதை ஒத்துழைக்க மறுக்குது," என்றார் கவலையுடன்.

"வேற விதை வாங்கிக் கொடுக்கலாமே சார்?" என்றார் ஆய்வாளர்.

"அரசாங்கமே கஞ்சா விதை வாங்கறதா?"

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "வாங்கறது குற்றமில்லை சார். சட்டம் தெளிவா இருக்கு."

சட்டத்தின் அழகு அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஆய்வாளர் சீருடையோடே விதை மண்டிக்குப் போனார். நானும் போனேன். "நல்லா முளைக்கிற விதையா வேணும்," என்று கேட்டு வாங்கினார். மண்டிக்காரர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீருடையை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு சார்?"

"தடுக்கறதுக்கு."

'மாதிரி விதை' என்று பெயரிடப்பட்ட அந்தப் பொட்டலம் அம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறாம் நாள் என் மேசைத் தொலைபேசி அடித்தது. "தம்பி! வந்துடுச்சு! ரெண்டு ரெண்டு இலையா, என்ன அழகு தெரியுமா! சீக்கிரம் வந்து பாருங்க!"

போனோம். நான்கு காவலர்கள், ஒரு புகைப்படக்காரர், ஆய்வாளர், நான். அந்த அம்மாள் எங்களுக்கு டீ போட எழுந்தார். ஆய்வாளர், 'சட்டவிரோதமாகக் கஞ்சா பயிரிட்டமைக்காக' என்று படிக்கத் தொடங்கினார். தண்ணீர் ஊற்றிய குவளையும் சாட்சிப் பொருளாகக் கைப்பற்றப்பட்டது.

அவர் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லித்தானே தம்பி ஊத்தினேன்?"

"ஆமாம்மா," என்றேன். அன்று மதியம் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு நாள் அவர் சிறையில் இருந்தார். குருவிகளுக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் தீனி போட்டார். விசாரணைக்கு முதல்நாள் மாலை இயக்குநர் என்னை அழைத்தார்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு ஃபைல் போகுது. கொஞ்சம் கனமா இருக்கு. மெலிசாக்கிக் கொண்டுபோ. புரியுதா?"

"புரியுது சார்."

புரியத்தான் செய்தது. காகிதம் நறுக்கும் எந்திரத்தின் முன்னால் ஃபைலோடு கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு கூட்டக் குறிப்புகளும் என் கையெழுத்தில் இருந்தன. நல்ல கையெழுத்து. அந்த அம்மாளின் கேள்வி காதில் ரீங்கரித்தது. மேலதிகாரியின் ஆணையை மீறுவது என் பரம்பரையிலேயே கிடையாது. ஆகவே ஃபைலின் கனமான அட்டைகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, தாள்களை நூலால் கட்டி எடுத்துப்போனேன். நிச்சயமாக மெலிந்திருந்தது.

நீதிபதி அம்மையார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஒருமுறை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமலா என்னவென்று தெரியவில்லை.

"விதையை வாங்கினது யாரு?"

"நாங்கதான்," என்றார் ஆய்வாளர். "வாங்கறது குற்றமில்லை, அம்மா."

"முளைக்க வைக்கச் சொன்னது?"

"நாங்கதான். சொல்றதும் குற்றமில்லை."

"அப்ப இந்தம்மா பண்ணின குற்றம்?"

"தண்ணி ஊத்தினாங்க."

நீதிபதி குறிப்புகளைத் தொடக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தார். 'திறந்துட்டா, சீல் வெச்சது தப்புன்னு ஆகிடாதா' என்ற இடம் வந்தபோது, காவலுக்கு நின்ற காவலரே சிரித்துவிட்டார். வழக்கு அங்கேயே தள்ளுபடியானது. அன்று சாயங்காலம் ஆய்வாளர் தம் கையாலேயே சீலைப் பிய்த்தார். அந்த அம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடையைப் பெருக்க ஆரம்பித்தார். அது நியாயம்தான்.

மறுநாள் இயக்குநர் மேசையைத் தட்டினார். "எதுக்குய்யா எல்லாத்தையும் எழுதின?"

"நடந்ததைத்தானே சார் எழுதினேன்?"

"அதுதான்யா குற்றம்!"

என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் ஆணை மாலைக்குள் வந்தது. சட்ட ஆலோசகர் வந்து, வருத்தத்தோடு விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் உண்மையைக் கைவசம் வைத்திருப்பது குற்றமே அல்ல. இயக்குநரிடம் இருக்கிறது, ஆய்வாளரிடம் இருக்கிறது, எல்லோரிடமும் ஆளுக்கொரு பிடி இருக்கிறது. நான்தான் அதை முளைக்க விட்டுவிட்டேன்.