எழுந்து நிற்கும் மூட்டு

மனித முழங்கால் எதற்காகப் படைக்கப்பட்டது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும்: மேலாளர் வரும்போது எழுந்து நிற்பதற்காக!

மேலாளர் கூடத்தைக் கடக்கும்போது அனைவரும் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் அவர் காலையில் வருவார், மாலையில் போவார். தொல்லையில்லை. பிறகு அவருக்கு முட்டி வலி வந்தது. மருத்துவர் அவரை நடக்கச் சொல்லிவிட்டார். வெளியே வெயில், கூடத்திலோ ஏசி. ஆகவே அவர் எங்கள் மேசைகளுக்கு நடுவிலேயே 'சிகிச்சை'யைத் தொடங்கினார். சுவர் வரை போவார், திரும்பிக் கதவு வரை வருவார். நாங்கள் எழுந்தோம், உட்கார்ந்தோம், மறுபடி எழுந்தோம். கொஞ்ச நாளில் நடை பழக்கமாகிவிட்டது, அவர் முட்டியும் குணமாயிற்று. வலி வீணாகவில்லை. ஊழியர்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தபால் பிரிவு அக்காவுக்கு மட்டும் பங்கு சற்று அதிகம். ஒருநாள் அவர் மேலாளரிடமே கேட்டுவிட்டார்.

"சார், நீங்க நடக்கும்போது நான் உட்கார்ந்தே இருக்கட்டுமா? முட்டி வலி உயிர் போகுது. இப்படியே போனா வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான்."

மேலாளர் இளகிய மனசுக்காரர். "இதுக்குப் போய் ஏம்மா கவலைப்படறீங்க? ஒரு கூட்டம் போட்டுடலாம்" என்றார்.

கூட்டத்துக்கு அவருடைய மருத்துவரே வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் முழங்காலோடு.

"மேல தொடை எலும்பு, கீழ கால் எலும்பு. ரெண்டும் உரசிக்காம நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு. முன்னாடி மூடி மாதிரி இந்தச் சில்லு. கதவுக் கீல் மாதிரி மடங்கும், நீளும். முழுசா நிமிரும்போது மட்டும் கடைசில துளியூண்டு திரும்பிப் பூட்டிக்கும்."

மேலாளர் உணர்ச்சிவசப்பட்டார். "பாத்தீங்களா! நிக்கறதுக்குன்னே இயற்கை பூட்டுப் போட்டு அனுப்பியிருக்கு!"

"ஆனா சார், அடிக்கடி உட்கார்ந்து எழுந்தா வலி அதிகமாகும்" என்றார் மருத்துவர்.

"அப்போ உட்கார்றதுதான் கோளாறா?"

"இல்ல சார், எழுந்திருக்கறது."

"உட்காராம எப்படிய்யா எழுந்திருக்க முடியும்?"

மருத்துவப் படிப்பில் இந்தக் கேள்வி வருவதில்லை போலும். மருத்துவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நாற்காலிகளையே அகற்றிவிடலாமா என்று 'ஆழ்ந்து' பரிசீலித்தோம். அவற்றைப் போட்டு வைக்க இடமில்லாததால் இயற்கைக்கு எதிரான அந்தப் பொருள்கள் தப்பின.

"சரி, ஜனநாயகமா முடிவு பண்ணுவோம்" என்றார் மேலாளர். "நான் வெளிய போயிட்டு வர்றேன். இந்த வழக்கம் வேண்டாங்கறவங்க உட்கார்ந்தே இருங்க. யாரையும் தப்பா நினைக்க மாட்டேன்."

அவர் போனதும் அறையில் வீரம் பொங்கியது. "அக்காவுக்காக! ஒருத்தரும் அசையக் கூடாது!" என்று கணக்குப் பிரிவு அண்ணன் மேசையைத் தட்டினார். நான் முன்னெச்சரிக்கையாக என் கால்களை நாற்காலியின் கால்களோடு பின்னிக்கொண்டேன்.

கதவு திறந்தது.

அண்ணன்தான் முதலில் எழுந்தார். மருத்துவர் டம்ளரோடு எழுந்தார். நான் நாற்காலியோடு எழுந்தேன்.

அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருக்க முடியலையாம்மா?" என்று மேலாளர் பரிவோடு கேட்டார்.

"முடியுமே சார்." அக்கா மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து காட்டினார். பிறகு உட்கார்ந்துகொண்டார். "இப்போ எழுந்திருக்கல, அவ்வளவுதான்."

மருத்துவர் எங்கள் எல்லாரையும் பரிசோதித்து அறிக்கை கொடுத்தார். உரிமையாளர் சொன்னபடி கேட்கும் முழங்கால்கள் இந்த அலுவலகத்தில் ஒரே ஒரு ஜோடிதான் உள்ளனவாம்! நோய் மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று அக்காவின் மேசையை அன்றே பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் மேலாளர் நடப்பதில்லை. அக்கா அங்கே காலை நீட்டி உட்கார்ந்து தபால் பிரிக்கிறார், பரிதாபம்.

மற்ற நாங்கள் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறோம். மேலாளர் இன்று விடுப்பு. அவர் அறைக் கதவு காற்றில் லேசாக ஆடுகிறது. அதனால் இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.