புது டார்ச் லைட்டும் பின்வாசல் படியும்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்க வேண்டிய வீட்டிலேயே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் உங்கள் வீட்டில் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். அவரவர் வீட்டில் அவரவர் சுகமாக இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவைக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ "சரிப்பா, சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது, கடைசி வரை படித்துத்தான் தீர வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அம்மா தன் இஷ்டத்துக்கு எதையாவது கலந்துவிடுவாள் என்றும் நினைக்காதே. முடித்ததும் வாசிக்கச் சொல்வேன். நான் சொன்னது முழுக்க எனக்கு மனப்பாடம், ஒரு சொல் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன். அது அவளுக்கும் தெரியும். தெரியும் என்று இப்போது தலையை ஆட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பின்வாசல் படியில் விழுந்துவிட்டாள், இனி அந்த வீடு உங்களுக்கு ஆகாது, மாதக் கடைசியில் வண்டியோடு வந்து பெட்டி படுக்கையோடு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. திருத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இந்த இடத்தில் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால்தான் மேலே எழுதுவாளாம். சரி, எழுது. விழுந்தது அவள் இல்லை, நான். தியேட்டரில் இருட்டுக்குள் ஊர் ஜனத்துக்கே சீட் காட்டிப் பெயர் எடுத்தவன் சொந்த வீட்டுப் படியில் உருண்டான் என்று நாலு பேர் சிரிக்கக் கூடாது என்பதற்காக அவள் அந்த விழுகையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள். விழுந்த விதத்தையும் கேட்டுக்கொள். கரண்ட் இல்லாத சாயங்காலம். அம்மா வெளியே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். நான் பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு, பழகிய பழக்கப்படி அவளுக்கு முன்னால் நடந்து, கையைப் பின்னுக்கு வளைத்து, அவள் பாதத்துக்கு முன்னால் ஒரு தட்டு அளவு வெளிச்சம் போட்டுக்கொண்டே இறங்கினேன். சீட் காட்டுகிறவனுக்கு அதுதான் முறை. டிக்கெட் வாங்கியவர் காலடிக்கு வெளிச்சம், நமக்கு இருட்டு. படி எங்கே இருக்கிறது என்று நம் காலுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது, படி அதன் இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் அம்மா கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பற்றித்தான் என் காலுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் வாளியும் சேர்ந்தே கீழே போனோம். மல்லாந்து கிடந்தபோதும் டார்ச் அவள் பாதத்தை விட்டு விலகவில்லை, அதை மறக்காமல் எழுது.

ஆகவே குறை வீட்டில் இல்லை, வயசிலும் இல்லை, டார்ச்சில்தான் இருக்கிறது என்று முடிவு செய்து நாங்கள் இருவரும் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் நிறுத்தி, பட்டப்பகலில், கடை முழுக்க ட்யூப் லைட் எரிந்துகொண்டிருக்க, டார்ச்சை அமுக்கிக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எப்படித் தெரியும்? கொட்டுகிற மழையில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று கேட்டது போல இருந்தது. நல்ல இருட்டாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரக்கு வைக்கும் அறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே எங்கள் மூன்று பேருக்கும் நிற்கத்தான் இடம். இருட்டு என்று கண்டதும் என் கை என்னைக் கேட்கவில்லை. கடைக்காரர் முழங்கையைப் பிடித்து, காலடிக்கு வெளிச்சம் போட்டு, "பாத்து வாங்க, இன்னும் படம் ஆரம்பிக்கல" என்று சொல்லி ஒரு பெட்டியின்மேல் உட்கார வைத்துவிட்டேன். அவரும் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். பெட்டிக்குள் இருந்தது பல்பு. சத்தம் வந்த பிறகுதான் அது அவருக்கே நினைவு வந்தது.

முதலில் அவர் கொடுத்த டார்ச் நீளமாக அடிக்கும் ரகம். ராத்திரியில் அடுத்த தெருத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும் என்று எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டினார். தண்ணீர்த் தொட்டியில் எனக்கு என்ன வேலை? வெளிச்சம் முழுக்க எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது, என் காலடியில் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்தது கைக்கு அடக்கமான ஒன்று, வட்டமாக, ஓரம் மெத்தென்று முடிகிற வெளிச்சம். தியேட்டரில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் நான் ஓய்வே பெற்றிருக்க மாட்டேன். அதை வாங்குவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அம்மா மூன்றாவதைக் கையில் எடுத்து அமுக்கினாள். அறை முழுக்கப் பகலாகிவிட்டது. வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரைக்கும் வெளிச்சத்தைப் பாய் விரித்தது போல் விரித்துவிட்டது. இது தப்பு வெளிச்சம் என்று நான் சொன்னேன். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் இந்த மாதிரி ஒன்றைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து, கதாநாயகி அழுகிற இடத்தில் அமுக்கி, ஒரு வரிசை முழுக்கக் காட்டிவிட்டான். அந்த வரிசையில், நெஞ்சு வலி என்று வீட்டில் படுத்திருக்க வேண்டிய மேனேஜரின் மாமனார், சிவப்புக் கட்டம் போட்ட சட்டையில், கையில் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நான் கடைக்காரருக்கு விவரமாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நம்ம பின்வாசல்ல யாருங்க டிக்கெட் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கா? என் காலு, உங்க காலு, வாளி, சுவரு எல்லாம் ஒண்ணா தெரியுது. இதுதான் வேணும்." கடைக்காரரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். பல்பை உடைத்துவிட்டு அதிகம் வாதாட முடியாது.

இந்த டார்ச்சுக்கு பேட்டரி போட வேண்டாம், போன் மாதிரி ஒயரைச் செருகி வைத்தால் போதும். ஒரே பித்தானை ஒரு தடவை அமுக்கினால் பெரிய வெளிச்சம், இன்னொரு தடவை அமுக்கினால் சின்ன வெளிச்சம், மூன்றாம் தடவை அமுக்கினால் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். இருட்ட ஆரம்பித்த நேரம், நம் தெரு முனைக்கு வந்ததும் தெரிந்துகொண்டேன். விட்டு விட்டு மின்னுகிறது. ஆம்புலன்ஸ்கூட அப்படி மின்னாது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஏதோ விபத்து என்று நின்றுவிட்டன. நான் அமுக்க அமுக்க அது வேகமாக மின்னுகிறது. துண்டில் சுற்றினேன், துண்டும் சேர்ந்து மின்னியது. கடைசியில் அதன்மேலேயே உட்கார்ந்துவிடலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கண்டக்டர் ஓடி வந்தார். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆனாலும், வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. "போலாம், ரைட்டு, முன்னாடி போ" என்று எல்லாவற்றையும் அனுப்பி வைத்துவிட்டு, என்னிடம் திரும்பி, "அண்ணே, அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருங்க, அணைஞ்சிரும்" என்றார். அணைந்தது. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவரும் அதே கடையில் அதையே வாங்கி, அதே முனையில் மின்னியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி கரண்ட் போனது. அம்மாவும் நானும் புது டார்ச்சோடு பின்வாசலுக்குப் போனோம். இந்த முறை நான் முன்னால் போகவில்லை, பக்கத்தில் போனேன். அகல வெளிச்சத்துக்கு அதுதான் முறையாம், அம்மா உத்தரவு. வாளி தெரிந்தது. உடைந்த துடைப்பம் தெரிந்தது. காணாமல் போன துணிக் கவ்விகள் அத்தனையும் சுவரோரம் கிடந்தன. நான் அடிக்காமலேயே அடித்ததாகச் சொன்ன சுண்ணாம்பும் தெரிந்துவிட்டது, அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன். யாரும் விழவில்லை. இறங்கினோம், ஏறினோம், கதவைச் சாத்தினோம். ஆகவே மகளே, இனி பயப்பட ஒன்றுமே இல்லை. வண்டி வேண்டாம். பெட்டி கட்ட வேண்டாம். நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம், அம்மாவுக்கும் அதுதான் விருப்பம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தித் தலையில் கை வைத்து, இது தாத்தாவின் கை என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
வாசிக்கக் கேட்டுச் சரி என்று ஒப்புக்கொண்ட
அப்பா

பின்குறிப்பு: இந்தச் சீட்டை நான் சொல்ல, எழுதுவது எதிர்வீட்டுக் கண்டக்டர், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. உறையை நானே ஒட்டுகிறேன் என்று சொல்லி அம்மாவிடமிருந்து வாங்கி வந்துவிட்டேன். மேலே சொன்ன எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. வண்டியோடு வா. புது வெளிச்சத்தில் வாளி தெரிந்தது, சுவர் தெரிந்தது என்றேன் அல்லவா, அந்தச் சுவரைப் பிடித்திருந்த அம்மாவின் கையும் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் நிற்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். இத்தனை காலமும் நான் அவள் பாதத்துக்கு மட்டும்தான் வெளிச்சம் போட்டேன், பாதத்தை அவள் ஒழுங்காகத்தான் வைக்கிறாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லங்க, செருப்பு வழுக்குது" என்றாள். அவள் செருப்பே போடவில்லை. நான் வர மாட்டேன் என்பதால் அவளும் வர மாட்டேன் என்கிறாள். வண்டி வேண்டாம் என்று நான் சொன்னபோது, அந்த ஒரு வரிக்கு மட்டும் பேனாச் சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

பதில் எழுதாதே, எனக்கு வரும் கடிதத்தைப் படிப்பவள் அவள்தான். உன் பிடிவாதம்தான் என்று இருக்கட்டும். நான் வாசலில் நின்று கத்துவேன், நன்றாகவே கத்துவேன். மாப்பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவை, இல்லாவிட்டால் அவர் பயந்துபோய் ஏற்றின பெட்டியை இறக்கிவிடுவார். உன் வீட்டுக் குளியலறை வாசலில் படி ஏதாவது இருந்தால் நீ கிளம்புவதற்கு முன்பே இடித்துவிடு. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அம்மாவை முன் சீட்டில் ஏற்று, அங்கேதான் கால் நீட்டலாம். அவள் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிடு. அதற்குப் பிறகு எனக்கு இங்கே என்ன வேலை?