ஆடி வெள்ளியில் ஒரு வீடியோ

அன்று எனக்கு இருந்தது ஒரே வேலை. வீடியோ ஒன்றை எடுத்து, அஞ்சலகம் மூடுவதற்குள் மலேசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும்.

நடன அசைவுச் சிகிச்சையில் முதுகலை படிக்க விண்ணப்பித்திருந்தேன். உடலை அசைத்தே உடல்வலியையும் மனச்சுமையையும் தணிக்கும் படிப்பு. "ஒரு குழுவை நீங்களே நடத்திக் காட்டுங்கள்" என்று பல்கலைக்கழகத்தார் கேட்டிருந்தனர். அன்று அனுப்பாவிட்டால் அந்த ஆண்டு போயிற்று.

ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கும் முருகேசு அண்ணனை அழைத்துக்கொண்டு, சிம்பாங் பூலாய்க்கு அப்பால் இருந்த பழைய ரப்பர்த் தோட்டத்து மண்டபத்திற்குப் போனேன். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தே தோள் பிடித்துப்போன பெண்கள், என் குழுவாக ஆடக் காத்திருந்தனர்.

திட்டமிடுவதில் நான் குறை வைப்பவள் அல்லள். கேமராவில் எடுப்பாகத் தெரிய மஞ்சள் சேலை. உடல் தளர்ந்து அசைய, அவிழ்த்துவிட்ட கூந்தல். தாளத்திற்குத் தோட்டத்து உறுமிக்காரர். இத்தனையும் யோசித்தவளுக்கு, அது ஆடி வெள்ளி என்பது மட்டும் உறைக்கவில்லை!

"கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு சொல்கிறபடி அசையுங்கள்" என்று கூறி, நானே அசைந்து காட்டினேன். உறுமி முழங்கியது. என்னை மறந்து ஆடிவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

ஒருவரும் ஆடவில்லை. அத்தனை பேரும் கைகூப்பி நின்றனர்!

"யாரு தாயி வந்திருக்கிறது? காளியா, மாரியா?" என்றார் முன்னால் நின்ற பச்சையம்மா அக்கா.

"நான் விமலா, அக்கா! ஈப்போ டீச்சர்!"

"டீச்சரு மேல யாரு வந்திருக்கான்னுதானே கேக்குறோம்!"

"ஐயோ, இது சாமியாட்டம் இல்லை! சிகிச்சை!"

"ஆத்தா கோவமா இருக்கு. மஞ்சத் தண்ணி கொண்டாங்கலா, சீக்கிரம்!"

ஒரு வாளி மஞ்சள் நீர் என் தலையில் இறங்கியது. கையில் வேப்பிலை ஏறியது.

"முருகேசு அண்ணே, நிறுத்துங்க! முதல்லேருந்து எடுப்போம்!"

"முடியாதுலா, தங்கச்சி! கேசட்டு ஒன்னுதான் இருக்கு. சாயங்காலம் கமுந்திங்ல மலாய்க்காரங்க கல்யாணம் வேற. நீ ஆடு, படம் சூப்பரா வருது!"

பச்சையம்மா அக்கா காலில் விழுந்தார். "தாயே, என் மவனுக்கு பேக்டரி வேல எப்ப கெடைக்கும்?"

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கா கைநழுவிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து நின்று, குரலைத் தாழ்த்தினேன்.

"கையைத் தூக்கி ஆடினால் கிடைக்கும்."

"ஆத்தா சொல்லிருச்சு! எல்லாரும் ஆடுங்கலா!"

ஆடினார்களே! தோளைச் சுழற்றச் சொன்னேன், சுழற்றினர். "மூச்சை இழுங்கள்!" என்றேன். "இழுத்துட்டோம் தாயே!" என்றனர். தலைமுடிகூட வார முடியாமலிருந்த பச்சையம்மா அக்காவின் வலக்கை, கற்பூரத் தட்டோடு தலைக்கு மேலே நின்றது. நல்ல வேளை, அமெரிக்காவில் பார்க்கப்போகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது!

அஞ்சலகத்தில் மஞ்சள் சொட்டச் சொட்டப் போய் நின்றேன். வரிசையே ஒதுங்கி வழிவிட்டது.

எனக்கு இடம் கிடைத்தது. "உங்கள் குழுவினர் உங்கள்மேல் வைத்துள்ள நம்பிக்கை வியப்பூட்டுகிறது" என்று பாராட்டியும் எழுதியிருந்தனர்.

பச்சையம்மா அக்காவின் மகனுக்கும் வேலை கிடைத்தது. அதனால்தான், விமானம் ஏறும்வரை, தோட்டமே குறி கேட்க வந்த வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்ததே இல்லை.