தொட்டால் துள்ளும் பெட்டி

வேதமுத்து கணிப்பொறியின் முதுகைத் தொட்டார். தொட்ட வேகத்தில் முக்காலியை விட்டு எழுந்து, இரண்டடி பின்னால் பாய்ந்து, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கீழே தள்ளிவிட்டு நின்றார்.

“என்னங்க, உள்ள பல்லி கில்லி இருக்கா?” என்று பின்கட்டிலிருந்து அவர் மனைவி கெசியா ஓடிவந்தாள்.

“பல்லி இல்லட்டி, கரண்டு. தோள்பட்டை வரைக்கும் இழுக்கு.”

“நேத்துதான வாங்கியாந்திய! அதுக்குள்ளயா?”

வேதமுத்து தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டை மார்க்கெட் அருகே ஒரு கட்டடத்தின் மாடியில், முன்கூடத்தில் தட்டச்சுப் பயிலகமும் பின்கட்டில் குடித்தனமுமாக அவர் வாழ்ந்து வந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கூடத்தில் தட்டச்சு ஓசை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட கணிப்பொறி மையம் ஒன்று வந்திருந்தது. பிள்ளைகள் யாவரும் அந்தக் கதவுக்குள் புகுந்துவிட்டார்கள். கட்டடத்தின் உரிமையாளர் தளவாய், கீழே உரக்கடை வைத்திருந்தவர், இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

“வே வாத்தியாரே, ஜூன் பொறக்கதுக்குள்ள இருவது பேரு சேரலன்னா மாடிய எனக்கு விட்டுரும். யூரியா மூடை பேசாம கெடக்கும். உம்ம மிஷின் மாதிரி என் தலைமேல டக்கு டக்குன்னு தட்டாது.”

வீட்டையும் பிழைப்பையும் ஒரே நாளில் இழப்பதா என்று கலங்கிய வேதமுத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றத் தட்டச்சுப் பொறிகளையெல்லாம் விற்றார். மேலப்பாளையத்தில் அசன் முகம்மதுவின் பழைய சாமான் கடைக்குப் போய், கங்கைகொண்டான் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையின் அலுவலகத்திலிருந்து வந்த பழங்கணிப்பொறியைக் கைவண்டியில் ஏற்றி வந்தார்.

அதைச் சீராக்கியதில் அவருக்கு ஒரு தாயின் பொறுமை இருந்தது. உறையைக் கழற்றியதும் உள்ளே பஞ்சுத் திப்பிகளும் ஒரு குளவிக்கூடும் இருந்தன. பெயிண்ட் பிரஷால் தூசியைத் துடைத்தார். உள்ளிருந்த மின்சுற்று அட்டைகளின் பித்தளைப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். கடைசியில் ஓர் இடையூறு நின்றது: பெட்டியின் பிளக்குக்கு மூன்று கால், சுவரில் இருந்ததோ இரண்டு துளை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் செலவு. வேதமுத்து ஹாக்ஸா பிளேடை எடுத்து, மேலே தடித்திருந்த மூன்றாவது காலை அறுத்து எறிந்தார். பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மலர்ந்தன. அவர் மகிழ்ந்து தட்டிக்கொடுத்தபோதுதான் நாட்காட்டி விழுந்தது.

மறுநாள் விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு மேலப்பாளையம் போனார்.

“பாய், இந்த போர்டுல கரண்டு அடிக்கி.”

“நம்ம கடைச் சரக்கு அப்படி அடிக்காதே சார்,” என்றார் அசன் முகம்மது. ஆயினும் வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் அடித்தது. திரையை மாற்றினார்; அடித்தது. மூன்றாம் முறை தகரக் கூட்டையே சுமந்துகொண்டு போனார்.

“சார், அடுத்த தடவ என்னையும் மாத்திக் கேப்பிய போலுக்கே!”

புதிய கூடு வந்தது. புதிய கூடும் அடித்தது.

காட்டில் ஒரு கரடி இருந்ததாம். தேன் எடுக்கப் போன இடமெல்லாம் அதை ஒரு தேனீ கொட்டியது. கரடி கூட்டை மாற்றிப் பார்த்தது. மரத்தை மாற்றிப் பார்த்தது. மலையையே மாற்றிப் பார்த்தது. கொட்டிய தேனீயோ அதன் பிடரி மயிருக்குள்ளேயே குடியிருந்தது. வேதமுத்துவின் நிலையும் அதற்குக் குறைந்ததன்று.

“தூசிதான் காரணமா இருக்கும்,” என்று அவர் முடிவு செய்தார். வண்ணார்பேட்டை மையத்தில் செருப்பைக் கழற்றிய பின்தான் உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். உடனே வாசலில் ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று எழுதி ஒட்டினார். கெசியா காலையும் மாலையும் ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள்.

வெறுங்காலும் ஈரத்தரையும் சேர்ந்த பிறகு, முன்பு தோள் வரை இழுத்தது இப்போது பிடரி வரை இழுத்தது.

“சூடாவுதுங்க அது. வண்ணார்பேட்டையில ஏசி போட்டிருக்கான்லா?” என்றாள் கெசியா.

ஏசிக்கு எங்கே போவது? வெட்டிவேர்த் தட்டி ஒன்று வாங்கி ஜன்னலில் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தார்கள். கூடம் மணத்தது. தட்டியிலிருந்து சொட்டிய நீர் பெட்டிக்கு முன்னால் சிறு குளமாகத் தேங்கியது. அன்று மாலை, ஒரே ஓர் எழுத்தைத் தட்டப் போன வேதமுத்து விசைப்பலகையோடு சேர்ந்து துள்ளி, அலறிச் சங்கீர்த்தனம் பாடினார்.

“யாருட்டயும் சொல்லிராதட்டி,” என்று மனைவியிடம் கெஞ்சினார். “வெளிய தெரிஞ்சா ஒரு புள்ளையும் மாடி ஏறாது.”

அந்த நேரம் பார்த்துக் கீழே இட்லிக்கடை நடத்தும் இசக்கியம்மா, இடக்கையில் தூக்குவாளியோடு படியேறி வந்தாள். அவள் எதையும் இடக்கையால்தான் தருவாள். வலக்கை இடுப்புக்கு மேல் எழும்பி ஒரு வருடமாகிறது.

“இதா சாரே அந்தக் கம்பியூட்டரு? தகரப் பொட்டி மாரில்லா இருக்கு!”

“இசக்கியம்மா, தொடாத...”

அவள் தொங்கிய வலக்கை விரலால் தொட்டுவிட்டாள். “ஏ ஆத்தா!” என்ற கூச்சலோடு தூக்குவாளி உருண்டது, சாம்பார் தரையில் ஓடியது. பிறகு அவள் வேதமுத்துவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலத்தோளைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனாள்.

“போச்சு,” என்றார் வேதமுத்து. “இனி மார்க்கெட்டு பூராவும் நாறிரும்.”

ஆனால் நடந்தது அவரைத் திகைக்க வைத்தது. மறுநாள் காலையில் இசக்கியம்மா தன் நாத்தனாரை அழைத்து வந்தாள். நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றி, பெட்டியைத் தொட்டு, ஒரு குதி குதித்து, முகம் மலர்ந்து போனாள். மாலையில் காய்கறிக்காரர் ஒருவர் வந்தார். மறுநாள் மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றும் ஜுபைதா பீவி, விரல்களை நீவிக்கொண்டே வந்து சேர்ந்தாள். ஒவ்வொருவரும் தொட்டார்கள், துள்ளினார்கள், பெட்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் வணங்கிவிட்டுப் போனார்கள். பிறர் மனம் நோகக் கூடாதென்று இந்த ஊர் மக்கள் எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று வேதமுத்து நெகிழ்ந்தார்.

“எத்தன நாள் வரணும் சார்?” என்று கேட்டாள் ஜுபைதா பீவி.

“ஆறு மாசம்மா. தெனமும் ஒரு மணி நேரம்.”

“யா அல்லா! ஒரு மணி நேரமா? ஒடம்பு தாங்குமா?”

“மொதல்ல பயமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிரும்.”

“அப்பம் எம்பேரையும் எழுதிக்கிடுங்க,” என்றாள் அவள் துணிச்சலாக.

இப்படியே பெயர்கள் சேர்ந்தன. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள் என்பது வேதமுத்துவுக்குச் சிறிது வியப்பளித்தது. “கத்துக்கிடுததுக்கு வயசு ஏது?” என்று கெசியாவிடம் பெருமையோடு சொன்னார். உவரியிலிருந்து மீன் வண்டியில் வந்த ஓர் ஆள், தன் ஊர்க்காரர் சிலருக்கும் சேர்த்து இடம் கேட்டுவிட்டுப் போனபோது அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. “கடக்கரை வரைக்கும் கம்ப்யூட்டர் ஆசை போயிட்டு, பாத்தியா?”

தளவாய் கேட்ட இருபது பேர் ஆனார்கள். இருபதுக்கு மேலும் ஆனார்கள். திறப்பு நாள் குறித்தாயிற்று. ஆனால் கரண்டு மட்டும் நிற்கவில்லை. இத்தனை நல்லவர்களை ஆறு மாதம் துள்ளவிடுவது பாவம் என்று வேதமுத்துவின் மனம் அரித்தது. திறப்பன்று விடிந்ததும் கைவண்டியை எடுக்கப் புறப்பட்டவரை, எதிரே வந்த அசன் முகம்மது படியிலேயே மறித்தார்.

“சார், ஒங்களுக்கு மாத்தித் தாரதுக்கு இனி கடையில ஒண்ணுமில்ல. அந்தப் பொட்டிய நானே ஒருக்கா பாத்துருதேன்.”

அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியதும் அவர் முகம் வெளிறியது.

“இதுல எர்த்து காலு எங்க சார்?”

“அது... ஓட்டைக்குள்ள போகல பாய். அறுத்துட்டேன்.”

“அறுத்திட்டியளா! தப்பிப் போற கரண்டு வெளிய போற வழியில்லா அது! வழிய அடச்சிட்டு, தண்ணியையும் தெளிச்சிட்டு, வெறுங்காலோட நின்னா அது ஒங்க வழியாத்தான போவும்!”

கரடியின் பிடரியில் தேனீ அகப்பட்டது. வேதமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். அசன் முகம்மது புதிய பிளக் ஒன்றைப் பூட்டி, தளவாயின் கடையிலிருந்த மூன்று துளைப் பாயிண்டிலிருந்து ஒயர் இழுத்து மாடிக்குக் கொண்டுவந்தார். கெசியா தட்டியை அவிழ்த்துத் தரையைக் காயத் துடைத்தாள்.

வேதமுத்து கண்ணை மூடி, ஆண்டவரை நினைத்து, பெட்டியின் மீது உள்ளங்கையை முழுவதுமாக வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

“கெசியா! பூனக்குட்டி மாதிரி இருக்குட்டி!” என்று குழந்தையைப் போலக் கூவினார்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசை படியில் இறங்கி, உரக்கடையைச் சுற்றி, மார்க்கெட் வரை நீண்டிருந்தது. தளவாய் கடையை விட்டு மாடியேறி வந்து, வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“வே வாத்தியாரே, இம்புட்டுப் பேருமா கம்ப்யூட்டர் படிக்க வந்திருக்காவ?”

“மாடி எனக்குத்தான அண்ணாச்சி?” என்றார் வேதமுத்து, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி.

“ஒமக்குத்தான் வே. சொன்ன வாக்கு வாக்குதான். இருவது பேரு நாளைக்கும் வரட்டும், யூரியாவ நான் வேற எங்கயாவது போட்டுக்கிடுதேன்.”

வரிசையின் தலையில் இசக்கியம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜுபைதா பீவியும், அவளை அடுத்து, உவரியிலிருந்து வந்த சவரியம்மாள் என்பவள் ஊன்றுகோலோடும் நின்றார்கள். இசக்கியம்மா வலக்கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டாள். காத்திருந்தாள். இரண்டு கையாலும் தொட்டாள். பின்பு பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஜுபைதா பீவி முன்னால் வந்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து படி வழியே கீழே இறங்கியது.

வேதமுத்து எழுந்து நின்று, இத்தனை நாள் மனத்தை அழுத்திய பாரத்தை இறக்கிவைக்கும் குரலில் அறிவித்தார்:

“அன்பானவர்களே, இனி ஒருத்தரும் பயப்பட வேண்டாம். இன்னைக்குக் காலையிலதான் சரிபண்ணினோம். ஒரு துளி கரண்டு கூட அடிக்காது!”

ஒவ்வொருவர் முகத்திலும் பேரதிர்ச்சி. தளவாயின் வாய் மெல்ல மூடியது.

சவரியம்மாள் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

“சரிபண்ணிட்டியளா! இசக்கியம்மாவுக்குத் தோளுல புடிச்ச வாதத்த எறக்கிவிட்ட அந்தக் கரண்ட எங்க கால்முட்டுக்கும் ஒருக்கா வச்சு விடுவியன்னுதான சாரே, உவரியில இருந்து ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கோம்!”