ஸ்டேஷனுக்குள் ஒரு கிணறு

"எட்டு வருஷம் ஒரு வரலாறா? எங்காத்து கிரைண்டருக்கே இருபத்திரண்டு வயசாறது" என்றாள் விசாலாக்ஷி மாமி.

மதுவந்தி தலையாட்டி ஒப்புக்கொண்டாள். கிரைண்டரோடு போட்டி போடுகிற வயது அந்த ஸ்டேஷனுக்கு இல்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணி. அண்ணா சாலைக்கு அடியில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷன்களில் ஒன்று. எது என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை. டிக்கெட் கொடுக்கும் தளத்தில், தானியங்கிக் கேட்டுகளுக்கு இந்தப் பக்கம், பாலவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நடைப்பயிற்சிக் குழு நின்றுகொண்டிருந்தது. பதினான்கு பேர். பதினான்கு குடைகள். எல்லாக் குடையும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் பார்க்க வந்தது ஸ்டேஷனை அல்ல, மயிலாப்பூர் மாடவீதிகளை. பழைய வீடுகளையும் கோயிலையும் சுற்றிக்காட்டிக் கதை சொல்வது மதுவந்தியின் தொழில். ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் மாடவீதியில் முழங்கால் அளவு தண்ணீர். வேனிலிருந்து இறங்கவே முடியாது என்று தெரிந்ததும், "இன்னிக்கு ஒரு புது நிகழ்ச்சி. பூமிக்கு அடியில வரலாறு" என்று சொல்லி வேனை அண்ணா சாலைக்குத் திருப்பிவிட்டாள். அந்த நிமிஷத்தில் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மழை இல்லை, ஏசி இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது. வரலாறு மட்டும்தான் இல்லை.

நிகழ்ச்சியை ரத்து செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. குழுவின் செக்ரட்டரி ராஜகோபாலன் இன்றைக்குத் திருப்திப்பட்டால் வருஷம் முழுக்க மாதம் ஒரு நடை மதுவந்திக்கு. திருப்திப்படாவிட்டால், திங்கட்கிழமை காலை அவள் பெருங்குடியில் விட்டுவிட்டு வந்த அதே ஐ.டி. கம்பெனிக்கு, அதே நாற்காலிக்கு. பழைய மேனேஜர் கூப்பிட்டுவிட்டார், இன்றைக்குள் பதில் வேண்டும் என்று. மகளின் திறமையில் நம்பிக்கை வைத்திருந்த அம்மா, ஆபீஸ் சுடிதார்களை முந்தாநாளே இஸ்திரிக்குப் போட்டுவிட்டாள்.

"முதல்ல அமைப்பைப் பார்த்துடலாம் மாமி" என்று மதுவந்தி சமாளித்தாள். "மேல ரோடு. நடுவுல நாம நிக்கற இந்தத் தளம். கீழ பிளாட்பாரம். பிளாட்பாரம் நடுவுல இருக்கு, ரெண்டு பக்கமும் தண்டவாளம். வெளியே போக நாலு வழி. இப்ப நம்ம தலைக்கு மேல பஸ் போயிண்டிருக்கு."

பதினான்கு பேரும் மேலே பார்த்தார்கள். பஸ் தெரியவில்லை.

"இதை எப்படிக் கட்டினா தெரியுமா? முதல்ல பூமிக்குள்ள நாலு பக்கமும் சுவர். அப்புறம் கூரை. கூரைக்கு மேல வண்டியை ஓடவிட்டுட்டு, அடியில தோண்டிண்டே போய், கடைசியிலதான் தரை போட்டா. வீட்டைத் தலைகீழா கட்டின மாதிரி."

"எங்க பில்டரும் அப்படித்தான் கட்டினான்" என்றாள் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜகோபாலன் சிரிக்கவில்லை. அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். யார் எது சொன்னாலும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். குறித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் ஆயிருக்கு. ரெண்டு மணி நேர நிகழ்ச்சின்னு சொன்னேளே. பாக்கி?"

மதுவந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்போதுதான் இனாயத் பாய் கை நீட்டினார். மாமிக்கு மேல்மாடி வீட்டுக்காரர், துணி வியாபாரத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்.

"ஏம்மா, அந்தக் கோடியில மட்டும் சுவர் ஏன் இப்படி வளைஞ்சு வெளியே வந்திருக்கு? மத்த சுவரெல்லாம் நேராத்தானே இருக்கு?"

உண்மைதான். தளத்தின் கடைசியில் சுவர் ஒரு பத்தடி தூரத்துக்கு அரை வட்டமாக உப்பியிருந்தது. அதில் ஒரு இரும்புக் கதவு, கதவில் ஒரு பூட்டு. போர்டு எதுவும் இல்லை. குழாயோ ஒயரோ ஏதாவது இருக்கும் என்று மதுவந்தி நினைத்தாள். ஆனால் சுற்றிக்காட்டுகிறவள் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. அது 'தெரியாது'.

"அது ஒரு கிணறு மாமா" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"கிணறா?"

"தோண்டும்போது கிடைச்சது. இடிக்க மனசு வராம, அதைச் சுத்திச் சுவரை வளைச்சுக் கட்டிட்டா."

பதினான்கு பேரும் கோடிக்கு நடந்தார்கள். ராஜகோபாலன் முதல் முறையாகப் பக்கத்தைத் திருப்பினார். "எந்தக் காலத்துக் கிணறு?"

"ஒரு... முன்னூறு வருஷம் இருக்கும்."

"அப்ப நவாப் காலத்துத் தோட்டக் கிணறுதான்" என்றார் இனாயத் பாய். "இந்தப் பக்கம் பூரா தோட்டமா இருந்ததுன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க."

"தோட்டமாவது. கோயில் கிணறா இருக்கும்" என்றாள் மாமி. "அதான் இடிக்கக் கை வரலை."

"நவாப் கிணத்தை மட்டும் இடிக்கக் கை வருமா மாமி?"

விவகாரம் வேறு பக்கம் போவதைப் பார்த்த மதுவந்தி அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "ரெண்டும்தான். கோயிலுக்கும் தண்ணி போச்சு, தோட்டத்துக்கும் தண்ணி போச்சு. அபூர்வமான கிணறு. எந்தக் கோடையிலும் வத்தினதே இல்லையாம்."

சண்டை அந்த நிமிஷமே நின்றது. ஆனால் நகரத்தில் ஒவ்வொரு கோடையிலும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஜனங்களிடம் வற்றாத கிணறு என்று சொல்லியிருக்கக் கூடாது. பதினான்கு முகங்களிலும் பக்தி வந்துவிட்டது. கபாலி கோயிலுக்கென்று கொண்டுவந்த கூடையிலிருந்து மாமி மல்லிகைச் சரத்தை எடுத்துக் கதவின் பூட்டில் சுற்றினாள். பூட்டுக்குக் கீழே குங்குமம் வைத்தாள். இனாயத் பாய் கைகளை ஏந்திக் கண்ணை மூடி, தண்ணீர் கொடுத்தவர்களுக்காக ஒரு துவா கேட்டார். மாமி கற்பூரத்தை எடுத்தபோது செக்யூரிட்டி ஷகீலா ஓடிவந்தாள்.

"இன்னாமா இது? கற்பூரம்லாம் ஏத்தக் கூடாது. மேல அலாரம் கீது, அடிச்சிடும்."

"மன்னிச்சுக்கோங்க, இப்ப எல்லாரையும் கூட்டிண்டு போயிடறேன்" என்றாள் மதுவந்தி, கும்பிடாத குறையாக.

ஷகீலா கதவைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "பூ இருக்கட்டும், பரவால்ல. இன்னா சாமிமா இது?"

"வத்தாத கிணறு" என்றாள் மாமி. "முன்னூறு வருஷம்."

"நான் ரெண்டு வருஷமா இங்கதான் நின்னுக்கினு கீறேன். ஒருத்தன் சொல்லலையே."

பூ சுற்றிய கதவைக் கண்டால் நம் ஊர்க்காரர்களின் கால் தானாக நிற்கும். எஸ்கலேட்டரில் இறங்கிய நாலு பேர் நின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பத்துப் பேர் நின்றார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டிய ஒருவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். படம் வெளியே போனால் தொலைந்தோம் என்று மதுவந்தி கையை விரித்துக் குறுக்கே நின்றாள்.

"தயவுசெஞ்சு யாரும் படம் எடுக்காதீங்க. இது இன்னும் வெளியில சொல்லாத விஷயம்."

அதுவரை படம் எடுக்காதவர்களும் கைபேசியை எடுத்தார்கள்.

ராஜகோபாலன் நோட்டை மூடினார். அவர் முகத்தில் ஒரு பளபளப்பு. மதுவந்தியைத் தனியே அழைத்து, "பிரமாதம்மா. இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சியை நான் பார்த்ததே இல்லை. வருஷம் பூரா உங்களுக்குத்தான். நாளைக்கே லெட்டர் அனுப்பறேன்" என்றார்.

மதுவந்திக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அந்த நாற்காலி இல்லை. இஸ்திரி போட்ட சுடிதாரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம். அந்த சந்தோஷம் ஏறக்குறைய ஒரு நிமிஷம் இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் ராஜகோபாலன். "இவ்வளவு பெரிய பொக்கிஷத்தை ஏன் பூட்டி வெச்சிருக்கா? கண்ணாடி போட்டு ஜனங்களுக்குக் காட்ட வேண்டாமா? ஒரு மனு எழுதிடறேன்."

ராஜகோபாலனின் மனுக்கள் பாலவாக்கத்தில் பிரசித்தம். பதினோரு மனு எழுதி அவர் தெருவுக்கு வேகத்தடை வந்தது. இன்னும் ஏழு மனு எழுதி அதை நாலடி தள்ளிப் போடவைத்தார். நின்றபடியே நோட்டில் 'பெறுநர்' என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கையெழுத்துப் போட வரிசையில் நின்றது.

"நான் போடக் கூடாது சார், வேலை போயிடும்" என்றாள் ஷகீலா. "எங்க வூட்டுக்காரர் பேர்ல போட்டுக்கிறேன்."

"மாமா, இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆபீசர் யாரும் இருக்க மாட்டா" என்றாள் மதுவந்தி.

"இருக்காரும்மா" என்றாள் ஷகீலா, உதவி செய்கிற சந்தோஷத்தில். "செந்தில்குமார் சார். ரூம்ல டீ குடிச்சிக்கினு கீறாரு. இட்டுனு போகட்டா?"

இனி ஒரே வழிதான் இருந்தது. வருஷம் முழுக்கக் கிடைத்த நடை போனாலும் போகட்டும், மானத்தோடு போகலாம் என்று மதுவந்தி முடிவு செய்தாள். நாற்பத்தோரு கையெழுத்தோடு கிளம்பிய ராஜகோபாலனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"மாமா, அந்தக் கதவுக்குப் பின்னாடி கிணறு இல்லை. நான்தான் பொய் சொன்னேன்."

ராஜகோபாலன் அவளை உற்றுப் பார்த்தார்.

"மழைன்னு உங்களை இங்கே கூட்டிண்டு வந்துட்டேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். எனக்கு இந்த வேலை வேணும் மாமா, அதான். மன்னிச்சுடுங்கோ."

"யார்?" என்றார் ராஜகோபாலன் மெதுவாக.

"என்ன யார்?"

"யார் உங்களை மிரட்டினா? அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அவ்வளவு தெளிவா சொன்னேள். வெளியில சொல்லாத விஷயம்னும் சொன்னேள். இப்போ திடீர்னு இல்லைங்கறேள். முப்பத்தஞ்சு வருஷம் இன்ஷூரன்ஸ்ல இருந்தவன்மா நான். வாக்குமூலத்தை ஏன் மாத்தறான்னு எனக்குத் தெரியும்."

"சத்தியமா யாரும் மிரட்டலை மாமா."

"மிரட்டப்பட்டவா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, மனுவின் அடியில் ஒரு வரி சேர்த்து உரக்கப் படித்தார். 'உண்மையைச் சொன்ன இளம்பெண் மிரட்டப்பட்டிருக்கிறார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.' அதைக் கேட்டதும் மாமி வந்து மதுவந்தியின் தோளைக் கட்டிக்கொண்டாள். இனாயத் பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "பயப்படாதம்மா, நாங்க பதினாலு பேர் இருக்கோம்" என்றார்.

மதுவந்தி தண்ணீரைக் குடித்தாள். பொய் சொன்னபோது நம்பினார்கள் சரி, உண்மையைச் சொன்னால் கட்டிக்கொள்கிறார்களே என்று நொந்துகொண்டாள்.

கூட்டத்தின் சத்தம் கேட்டு செந்தில்குமார் தானே வெளியே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், ஒட்ட வெட்டிய தலைமுடி, கழுத்தில் அடையாள அட்டை. ராஜகோபாலன் நீட்டிய மனுவை நின்ற இடத்திலேயே படித்தார். ஒரு முறை படித்தவர், முதல் வரிக்குப் போய் மறுபடியும் படித்தார். பூ சுற்றிய கதவைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த டீ கொஞ்சம் தளும்பிச் சட்டையில் விழுந்தது.

"கிணறுன்னு சொன்னது யாரு?"

பதினான்கு விரல்களும் மதுவந்தியைப் பெருமையோடு காட்டின.

"நீங்க மட்டும் உள்ள வாங்க."

"அவ தனியா வரமாட்டா" என்றாள் மாமி.

"பரவாயில்லை மாமி, நான் போறேன்" என்று மதுவந்தி அவர் பின்னால் நடந்தாள். நடக்கும்போதே பழைய மேனேஜருக்கு எழுதவேண்டிய மெயிலை மனசுக்குள் ஆரம்பித்துவிட்டாள். 'வணக்கம் சார், திங்கட்கிழமை முதல்...' அதுவரைக்கும் வார்த்தை வந்தது. மேற்கொண்டு வரவில்லை.

செந்தில்குமார் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கண்ணாடிக்கு வெளியே பதினான்கு முகங்கள் தெரிந்தன. திரையை இழுத்துவிட்டார்.

"சார், எல்லாம் என் தப்புதான்" என்று அவள் முந்திக்கொண்டாள். "எனக்கு யாரும் எதுவும் சொல்லலை. அந்தச் சுவர் ஏன் வளைஞ்சிருக்குன்னு கேட்டாங்க, நானா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். வெளியில போய் எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுடறேன். போலீஸ் மட்டும் வேண்டாம் சார், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா..."

செந்தில்குமார் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தானும் எதிரில் உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"மறைக்காதீங்க மேடம். அங்க கிணறு இருக்கறது என்னையும் சேர்த்து மூணே பேருக்குத்தான் தெரியும். மத்த ரெண்டு பேர்ல உங்ககிட்ட சொன்னது யாரு?"