சுத்தத் தண்ணீரில் எழுந்த மலை

எதுவுமே கலக்காத சுத்தத் தண்ணீரில் செலினியம் இருப்பதாகக் கருவி அடம்பிடித்தது. திரையில் நேராக ஓட வேண்டிய கோடு நடுவில் குன்றுபோல எழும்பி நின்றது.

கருவியைச் செய்த பெண் திரையைத் தட்டிப் பார்த்தாள். குடிதண்ணீரில் துளியளவு கலந்திருக்கும், மிகுந்தால் நஞ்சாகும் செலினியத்தைத் தங்கக் கம்பியில் படியவைத்துக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. நாலு வருஷ உழைப்பு. அதை வாங்கலாமா என்று முடிவுசெய்ய வந்த அதிகாரியம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் பக்கத்தில் அப்பா. நகைப்பட்டறைக்காரர். கம்பியை இழைத்துக் கொடுத்தவரே அவர்தான். மகள் ஜெயிப்பதைக் கண்ணாரப் பார்க்க, சலவைச் சட்டையில் வந்திருந்தார்.

"என் தங்கத்துல கலப்படம் இருக்காதும்மா!" கம்பி முங்கியிருந்த தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"தெரியும்ப்பா. கிண்ணம்தான் சரியில்ல போல."

கிண்ணத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். அப்பா மறுபடி குனிந்து பார்த்தார். குன்று மலையானது.

"இங்க கொடு, மெருகு போட்டுத் தர்றேன்" என்று அப்பா கம்பியைப் பளபளவென்று தேய்த்துத் தன் கையாலேயே மாட்டினார். மலை திரையின் உச்சியை முட்டியது.

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். "இல்லாததை இருக்குன்னு சொல்ற கருவியை வச்சு நான் என்னம்மா பண்ண?"

"என் பொண்ணு செஞ்சது தப்பா இருக்காதுங்க!" என்று அப்பா எகிறினார்.

மகள் திறந்துகிடந்த கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். "மேடம், கருவி பொய் சொல்லல. வெளியிலிருந்து ஏதோ விழுது. ஒரே ஒரு தடவை பாருங்க."

கிண்ணத்தையும் கம்பியையும் மறுபடி கழுவி, தண்ணீர் மாற்றி, இறுக்கமாக மூடிபோட்டு ஓட்டினாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அளந்துவைத்திருந்த செலினியத்தில் ஒரு சொட்டு விட்டாள். கோடு அளந்த அளவுக்கே எழும்பியது.

அதிகாரியம்மா எழுந்து நின்று கைகொடுத்தார். "பிரமாதம்மா! எல்லா ஊருக்கும் வாங்கச் சொல்றேன். ஆனா அவ்வளவு செலினியம் எங்கிருந்து விழுந்துச்சு?"

அப்பா தலையைச் சொறிந்தபடி நெளிந்தார்.

"அது பேரு செலினியமா? பெரியவங்க முன்னாடி உனக்குத் தலைகுனிவு ஆயிடக் கூடாதேன்னு, காலையில பொடுகு ஷாம்பு போட்டுக் குளிச்சேன்மா... பாட்டில்ல அந்தப் பேருதான் போட்டிருந்துச்சு!"