தகரச் சத்தத்தின் தரம்

இரண்டு காதுகளை வைத்துக்கொண்டு மனிதகுலம் இத்தனை காலம் என்னதான் செய்துகொண்டிருந்தது என்ற கேள்விக்கு உலகில் முதன்முதலாக விடை கண்டது ஜவ்வாது மலைச் சாமை விவசாயிகள் குழுதான். விடை: சும்மா இருந்தது. இந்த மாபெரும் உண்மை, குழுத் தலைவர் வேடியப்பனுக்குத் திருப்பத்தூரில், குளுகுளு வசதி செய்த ஒரு கடையில் உதித்தது.

அவர் போன காரியம் அற்பமானது. சாமைக் கதிர் முற்றி, தினைக்குருவியும் கிளியும் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. அவர் மனைவி பாஞ்சாலை பொழுது விடிந்ததும் கொல்லைக் காவல் பரணில் ஏறி, எண்ணெய் டின்னைத் தட்டித் தட்டி விரட்டுவாள். அந்த இரண்டு ஏக்கர்தான் வீட்டுக்கு வருஷச் சோறு. அவள் கை வலித்தால் டின்னுக்குப் பதிலாக ஓயாமல் ஒலிக்க ஒரு குழாய் ஸ்பீக்கர் வாங்கி வரும்படி குழு அவரை அனுப்பியிருந்தது.

குழாய் ஸ்பீக்கர் என்றதும் கடைக்காரர் விஜயராஜ் எதையோ மிதித்துவிட்டவர் போல முகம் சுளித்தார்.

"அதுல சத்தம்தான் சார் வரும்."

"எனக்கு சத்தம்தாங்க வேணும்."

"சத்தம் வேற, 'ஒலி' வேற. டின்னத் தட்டறப்போ அந்தத் தகரம் இன்னா நெனைக்குதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

வேடியப்பன் கேட்டதில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை கேட்காமலே காலத்தை ஓட்டிவிட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. பவர் டில்லருக்கென்று குழு சேர்த்து வைத்திருந்த பணம் அன்றே 'ஒலி'யாக மாறியது. ஸ்பீக்கர் பெட்டிகளை இணைக்கும் வெள்ளி ஒயர் மட்டும் ஒரு ஜோடி உழவு மாட்டு விலை.

முதல் பரீட்சையாக வேடியப்பனின் சாமைக் கொல்லை ஓரத்துக் கொட்டகையில் கருவி எழுந்தருளியது. பாஞ்சாலை டின்னைத் தட்ட, சத்தம் பதிவானது. உடனே குழு கூடி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்று, புதுப் பெட்டி 'பழகும்' வரை ஒரு வாரத்துக்குச் சத்தத்தைக் கூட்டலாகாது. இரண்டு, அசல் டின்னை எவரும் தட்டலாகாது. அது நகலின் நயத்தைக் கெடுக்கிறது.

"நான் தட்டலன்னா குருவி எப்டிய்யா போவும்?" என்றாள் பாஞ்சாலை.

"உன் சத்தம்தானே பெட்டில வருது? உன்னவிட சுத்தமா வருது," என்றார் வேடியப்பன்.

"சுத்தமா வந்தா? குருவி பயந்து ஓடணுமா, உக்காந்து ரசிக்கணுமா?"

'பழகாத காது' என்று செயலாளர் தேவராஜ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

குருவிகளுக்கு அந்தக் குறை இல்லை. மூன்றாம் நாளே பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து கதிர் உருவின. தேவராஜ் அதையும் விடாமல், 'பயனாளிகளிடையே நல்ல வரவேற்பு' என்று பதிந்தார்.

வேடியப்பன் கதிரில்லாத தாள்களைப் பார்க்காமல் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் பவர் டில்லர் எங்கே என்று பத்துப் பேர் கேட்பார்கள். கண்ணை மூடினால் ஒலி இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்று விஜயராஜ் சொல்லியிருந்தார். கண்ணை மூடுவதில் வேறு சௌகரியங்களும் இருப்பதை வேடியப்பன் தாமாகவே கண்டுபிடித்தார்.

ஏழாம் நாள் காலை 'தர ஆய்வுக் கூட்டம்'. உறுப்பினர்கள் பதினொருவரும் கொட்டகையில் கண்மூடி அமர்ந்தார்கள். கொஞ்ச நேரம் டின் ஒலித்தது. பிறகு நின்றது. அதற்குப் பின் வந்ததுதான் அற்புதம்: சடசடவென்று இறக்கைகள், அப்புறம் நொறுக் நொறுக்கென்று மெல்லிய கொறிப்பு.

"எடது பக்கம் ரெண்டு கிளி," என்றார் தேவராஜ், மூச்சை அடக்கிக்கொண்டு.

"சோத்தாங்கை பக்கம் நூறு குருவி! ஒண்ணு ஒண்ணா எண்ணலாம் போல கீது!" என்றார் இன்னொரு உறுப்பினர்.

வேடியப்பன் கண்ணைத் திறக்காமலே பெட்டி இருந்த திசையில் கைகூப்பினார். "இதாங்க 'ஒலி'. குடுத்த காசுல ஒரு பைசா வீண் இல்ல." அரை மணி நேரம் அசையாமல் கேட்டார்கள். கருவிக்குப் பாராட்டுத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேற, எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

கைதட்டியதுதான் தாமதம், விர்ரென்று ஒரு பெரும் இரைச்சல் எழுந்து அடங்கியது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். எதிரே பாஞ்சாலை நின்றாள். அவளுக்குப் பின்னால் கொல்லை முழுக்க வெறும் தாள்.

"கரண்டு போய் அரை அவராச்சுங்க," என்றாள் அவள். "நீங்க இவ்ளோ நேரம் கேட்டது பெட்டிய இல்ல, எங்க வூட்டு சோறு போற சத்தத்த. ஏழு நாள்ல இப்போதான் குருவிய வெரட்டி இருக்கீங்க. இந்தக் கையத் தட்ட எந்த ஒயருங்க வேணும்?"